தேய்வது பேடு, உடைவது பிஸ்டன்

தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில் ஒரு சாலையோரப் பட்டறை. ஆடி மாதச் சாரலுக்கு ஒதுங்கி ஒரு மணி நேரம் அங்கே நின்றிருந்தேன். குட்டி யானை என்று நாம் அழைக்கும் டாடா ஏஸ் சரக்கு வண்டி ஒன்று ஜாக்கியில் ஏறி நின்றது. முன்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் பிரேக் பேடு சுத்தமாகத் தீர்ந்து, அதன் இரும்புத் தகடு டிஸ்க்கில் கோடு கோடாகக் கீறியிருந்தது. பட்டறைப் பையன் பழைய பேடை உருவினான். வெளியே நீண்டிருந்த பிஸ்டனின் விளிம்பில் பெரிய ஸ்குரூ டிரைவரைக் கொடுத்து நெம்பினான். முதலில் அசையவில்லை. இன்னும் பலமாக நெம்ப, 'கடக்' என்று உள்ளே போனது. புதுப் பேடு ஏறியது, சக்கரம் ஏறியது, இருபது நிமிடத்தில் வண்டி கிளம்பிவிட்டது. மூன்றாம் நாள் அதே வண்டி அதே இடத்தில் நின்றது. சக்கரத்தின் உள்பக்கம் ஈரம் கோத்திருந்தது. பெடல் பாதி வரை இறங்கியது. புதுப் பேடு பிரேக் ஆயிலில் ஊறிப் பாழாகியிருந்தது.

அந்தப் பையனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவனுக்குக் கற்றுக்கொடுத்தவரும் அப்படித்தான் நெம்பினார், அவருக்குக் கற்றுக்கொடுத்தவரும் அப்படித்தான். பல வண்டிகளில் அது பலித்தும் இருக்கிறது. பலிக்காத வண்டிகளில் என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது, அதற்குப் பட்டறைகள் சொல்லும் பல வழிகளில் எது சரி என்பதுதான் என் கேள்வி. பேடு மாற்றுவதைச் சின்ன வேலை என்று நினைக்கிறோம். சரக்கு வண்டியில் அது சின்ன வேலை அல்ல என்பதைத் தென்காசிச் சாலைகளை வைத்தே சொல்ல முடியும்.

கொல்லத்திலிருந்து புனலூர், தென்மலை, ஆரியங்காவு வழியாகப் புளியரையில் இறங்கி, செங்கோட்டை, தென்காசி, இராஜபாளையம் கடந்து திருமங்கலம் போகிறது தேசிய நெடுஞ்சாலை 744. இந்த வட்டாரத்தின் பிழைப்பில் பெரும்பங்கு இந்தச் சாலையில் ஓடுகிறது. பாவூர்சத்திரம், சுரண்டைச் சந்தைகளின் காய்கறி கேரளத்துக்குப் போவது இதன் வழியாகத்தான். ஓணம் வந்தால் பூவும் வாழை இலையும் சேர்ந்துகொள்ளும். எம்சாண்டும் ஜல்லியும் ஏற்றிய பத்துச் சக்கர, பன்னிரண்டு சக்கர லாரிகள் இரவும் பகலும் ஏறுகின்றன. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வேன்கள். ஏறிப் போகும் வண்டி அத்தனையும் திரும்பி இறங்கியாக வேண்டும். புளியரையின் எஸ் வளைவு எப்படிப்பட்டது என்று அந்தப் பக்கம் ஓட்டியவர்களிடம் கேட்டால் போதும். 2024 பிப்ரவரி 25 அதிகாலையில், கேரளத்திலிருந்து பிளைவுட் ஏற்றி வந்த லாரி ஒன்று அங்கே கட்டுப்பாட்டை இழந்து கீழே ரயில் தண்டவாளத்தின் மேல் விழுந்தது. ஓட்டுநர் இறந்துபோனார். சத்தம் கேட்டு ஓடி வந்த ஒரு முதிய தம்பதி டார்ச் விளக்கைக் காட்டி, வந்துகொண்டிருந்த ரயிலை நிறுத்தினார்கள். அந்த விபத்துக்கு பிரேக்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அந்த இறக்கத்தில் தவறுக்கு இடம் எவ்வளவு குறைவு என்பதற்காகச் சொல்கிறேன்.

இறக்கத்தில் பிரேக் என்ன செய்கிறது என்பதை ஒரு கணக்கால் பார்க்கலாம். மூன்று டன் எடையுள்ள சிறிய சரக்கு வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால், அது இழக்கும் ஆற்றல் ஏறக்குறைய 10 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். 2018-இல் அச்சு எடை வரம்பை மத்திய அரசு உயர்த்திய பிறகு மூன்று அச்சு லாரி சரக்கோடு 28.5 டன் வரை இருக்கலாம். அதே 100 மீட்டர் இறக்கத்தில் அது கிட்டத்தட்ட 95 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். எஞ்சினும் காற்றும் டயரும் இதில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும், ஓட்டுநர் சரியான கியரில் இறங்கினால். நியூட்ரலில் விட்டால் எஞ்சினின் பங்கு முழுவதும் பிரேக்கின் தலையில் விழும். டிஸ்க்கும் பேடும்தான் அந்த அடுப்பு. அந்த அடுப்பை ஒட்டிக்கொண்டு, ஒரு பக்கம் நெருப்பும் மறுபக்கம் திரவமுமாக நிற்பது பிஸ்டன்.

எந்த வண்டியைப் பற்றிப் பேசுகிறோம் என்று பிரித்துக்கொள்வது நல்லது. நம் சாலையில் ஓடும் கனரக லாரிகளில் பெரும்பாலானவற்றில், பிஸ்டனும் பேடும் குடியிருக்கும் காலிப்பர் கிடையாது. காற்றழுத்தத்தில் இயங்கும் டிரம் பிரேக், உள்ளே லைனர் ஒட்டிய ஷூ, அதை விரிக்கும் எஸ் வடிவ கேம். அவற்றின் நோய் வேறு, மருந்து வேறு. டிஸ்க்கும் ஹைட்ராலிக் காலிப்பரும் இருப்பது சிறிய சரக்கு வண்டிகளின் முன்சக்கரங்களில். 2005-இல் வந்த டாடா ஏஸ், 2011-இல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த், மகிந்திராவின் பொலேரோ பிக்கப் போன்றவை இந்த வகை. காய்கறிச் சந்தையின் கால்கள் இவைதான். பெரிய நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரை விட சாலையோரப் பட்டறையை அதிகம் பார்ப்பவையும் இவைதான். பெரும்பாலும் ஓட்டுநரே உரிமையாளர். மாதத் தவணை கட்டும் வண்டி ஒரு நாள் நின்றால் ஒரு நாள் கூலி போயிற்று. இருபது நிமிட வேலை இருபது நிமிடத்திலேயே முடிய வேண்டும் என்ற அவசரம் எங்கிருந்து வருகிறது என்பது இதில் விளங்கும்.

காலிப்பருக்குள் நடப்பது எளிமையானது. பெடலை மிதித்தால் திரவம் பிஸ்டனைத் தள்ளுகிறது, பிஸ்டன் பேடைத் தள்ளுகிறது, பேடு டிஸ்க்கைப் பிடிக்கிறது. அவசர பிரேக்கில் உள்ளே இருக்கும் அழுத்தம் சாதாரணக் காற்றழுத்தத்தின் நூறு மடங்கை நெருங்கும். அத்தனையையும் தடுத்து நிறுத்துவது ஒரே ஒரு ரப்பர் வளையம். அதன் குறுக்குவெட்டு சதுரமாக இருக்கும். அந்த வளையத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு, அது பலருக்குத் தெரியாது. பிஸ்டன் வெளியே நகரும்போது வளையம் வழுக்காமல் அதோடு சேர்ந்து கொஞ்சம் வளைகிறது. பெடலை விட்டதும் நிமிர்கிறது. நிமிரும்போது பிஸ்டனையும் ஒரு மயிரிழை பின்னுக்கு இழுத்துவிடுகிறது. பேடு டிஸ்க்கை விட்டு விலகுவது இப்படித்தான். இழுப்பதற்கு ஸ்பிரிங் எதுவும் இல்லை. பேடு தேயத் தேய, வளையம் வளையக்கூடிய அளவைத் தாண்டிப் பிஸ்டன் வழுக்கி முன்னே போய் அங்கே புதிதாக நிலைகொள்ளும். தேய்மானத்தைக் காலிப்பர் தானாகவே சரிக்கட்டிக்கொள்வது இவ்வாறு.

ஆக, பேடு எவ்வளவு தேய்ந்ததோ அவ்வளவு தூரம் பிஸ்டன் வெளியே வந்து நிற்கிறது. புதிய பேடில் உரசும் பொருள் சுமார் 10 மில்லிமீட்டர் இருக்கும். அதை இரும்பு தெரியும் வரை ஓட்டினால் பிஸ்டனின் பக்கவாட்டில் அத்தனை மில்லிமீட்டரும் ரப்பர் வளையத்தின் காவலுக்கு வெளியே, டஸ்ட் பூட் என்ற மெல்லிய உறையை மட்டும் நம்பிக் கிடக்கும். அந்த உறை சூட்டில் வெடித்திருந்தால் சேறும் ஈரமும் பேடுத்தூளும் நேராகப் பிஸ்டனின் மேனியில் படியும். செங்கோட்டைக் கணவாய் வழியாகத்தான் தென்மேற்குப் பருவக்காற்று இந்தப் பக்கம் சாரலைக் கொண்டு வருகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலத்துக்கு வாழ்வு தருகிற அதே ஈரம், லாரி போகும் அதே வழியில் வந்து, கிழிந்த உறைக்குள் துருவாகிறது. பிறகு பேடு மாற்றும் நாளில், துருவும் அழுக்கும் ஏறிய அந்த மேனியை அப்படியே ரப்பர் வளையத்தின் ஊடாக உள்ளே தள்ளுகிறோம். வளையம் கீறப்படுவது அந்த ஒரு நிமிடத்தில்தான். மூன்றாம் நாள் கசிவதற்கான காரணம் முதல் நாளிலேயே போடப்பட்டுவிட்டது.

என் முடிவின் பாதி இங்கேயே வந்துவிடுகிறது. பேடைக் கடைசி மில்லிமீட்டர் வரை ஓட்டுவது சிக்கனம் அல்ல. மூன்று, நான்கு மில்லிமீட்டர் மீதம் இருக்கும்போதே மாற்றினால் பிஸ்டன் வெளியே நீண்டிருக்கும் தூரம் குறைவு, அழுக்கு குறைவு, திரும்பித் தள்ள வேண்டிய பலமும் குறைவு. மிச்சம் பிடித்த பேடின் விலையைப் பிஸ்டனும் டிஸ்க்கும் சேர்ந்து வாங்கிவிடும்.

இனி, பிஸ்டன் எதனால் ஆனது? நம் பட்டறைகளில் அதிகம் கையில் படுவது எஃகு. அதன் மேல் குரோமியம் போன்ற ஒரு மெல்லிய பூச்சு. எஃகு உடையாது, அதனால் அதை எப்படியும் நெம்பலாம் என்ற துணிச்சல் வருகிறது. ஆனால் எஃகுப் பிஸ்டனின் உயிர் அதன் தோலில் இருக்கிறது. ஸ்குரூ டிரைவர் நுனி ஒரு கீறல் போட்டால் பூச்சு போகும், அந்த இடத்தில் துரு முளைக்கும், துரு புள்ளிப் புள்ளியாகக் குழி விழுந்து வளையத்தைத் தின்னும். துருவைப் போக்குகிறேன் என்று எமரித் தாளை வைத்துத் தேய்ப்பவர்கள் மீதமிருக்கும் பூச்சையும் எடுத்துவிடுகிறார்கள். அன்றைக்குப் பளபளப்பாகத் தெரியும். அடுத்த சாரலுக்குத் தாங்காது.

இரண்டாவது வகைதான் உண்மையில் நொறுங்கும் வகை. பீனாலிக் பிசினால் வார்த்த பிஸ்டன். பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய லியோ பேக்லாண்ட் 1907-இல் கண்டுபிடித்த பேக்லைட்டின் வம்சம் அது. பேக்லைட் நமக்கு அந்நியமான பொருள் இல்லை. பழைய வீடுகளின் கறுப்பு ஸ்விட்சும் பிரஷர் குக்கரின் கைப்பிடியும் அதுதான். கொதிக்கிற குக்கரைக் கை சுடாமல் தூக்குகிறோமே, அந்தக் குணத்துக்காகவே அதைப் பிரேக்குக்குள் கொண்டுவந்தார்கள். 1970-களில் எரிபொருள் விலை ஏறி, வண்டியின் எடையைக் குறைக்கும் கட்டாயம் வந்தபோது அமெரிக்க நிறுவனங்கள் இதைப் பெருமளவில் எடுத்துக்கொண்டன. அந்நாட்டுப் பிக்கப் டிரக்குகளில் இரட்டைப் பிஸ்டன் காலிப்பர்களில்கூட இவை உண்டு. எடை குறைவு, துருப் பிடிக்காது, பேடின் சூட்டைத் திரவத்துக்கு எளிதில் கடத்தாது. கடைசியாகச் சொன்னது பெரிய நன்மை. எஃகு சூட்டை நேராகத் திரவத்திடம் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

குக்கர் கைப்பிடியின் குறையும் அதற்கு உண்டு. கைப்பிடி கீழே விழுந்தால் வளையாது, மூலை தெறிக்கும். பீனாலிக் பிஸ்டனின் விளிம்பும் அப்படித்தான். பேடின் தகடு முழு வட்டத்திலும் சமமாக அழுத்தும்போது டன் கணக்கில் தாங்குகிற அதே பிஸ்டன், ஒரே புள்ளியில் கொடுக்கும் நெம்புக்குச் சில்லுச் சில்லாகப் பெயரும். பேடும் தேய்ந்து டிஸ்க்கும் மெலிந்த வண்டியில் பிஸ்டன் அளவுக்கு மேல் வெளியே வந்து, கோணலாகி, விரிசல் விடுவதும் உண்டு. நாள்பட்டால் ஈரத்தை உறிஞ்சிக் கொஞ்சம் ஊதும் என்பது இன்னொரு குற்றச்சாட்டு. அது உண்மைதான் என்றாலும், 'பீனாலிக் ஊதி மாட்டிக்கொண்டது' என்று தூக்கிப் போடப்படும் காலிப்பர்களில் பலவற்றில் குற்றவாளி வேறு ஆள். ரப்பர் வளையம் உட்காரும் பள்ளம் வார்ப்பிரும்பில் வெட்டியது. அந்தப் பள்ளத்தில் துரு சேர்ந்தால் வளையத்தைப் பின்னாலிருந்து தள்ளிப் பிஸ்டனை இறுக்கும். பிஸ்டன் பிளாஸ்டிக்காக இருந்து என்ன, அது குடியிருக்கும் வீடு இரும்பு.

விளிம்பில் தெறித்த பிஸ்டனை உடனே மாற்ற வேண்டுமா என்று கேட்பார்கள். எல்லாச் சில்லும் ஒன்றல்ல. பேடைத் தொடும் வெளி விளிம்பில் சின்னதாக ஒரு மூலை போயிருந்தால், அது டஸ்ட் பூட் பொருந்தும் பள்ளம் வரை எட்டாதிருந்தால் ஓட்டலாம். பள்ளத்தைத் தொட்ட சில்லு, பக்கவாட்டில் ஓடும் விரிசல், வளையம் உரசும் பரப்பில் எந்தக் காயமும் கண்டால் யோசிக்கவே வேண்டாம், மாற்ற வேண்டியதுதான். எஃகுக்கும் இதே எல்லைதான். வளையம் உரசும் இடத்தில் நகத்தால் தடவினால் தட்டுப்படும் குழி இருந்தால் அந்தப் பிஸ்டன் முடிந்தது. அலுமினியப் பிஸ்டன்களும் உலகில் உண்டு. இலேசானவை, ஆனால் சூட்டை எஃகை விட வேகமாகக் கடத்துபவை. நம் சரக்கு வண்டிப் பேச்சில் அவற்றுக்கு அதிக இடமில்லை.

இப்போது தள்ளும் விதம். பட்டறைகளில் நான் கண்டது மூன்று. ஸ்குரூ டிரைவரால் நெம்புவது முதலாவது. அதைப் பற்றிச் சொல்லியாயிற்று. காலிப்பரைக் கழற்றும் முன், பழைய பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே டாமிக் கம்பியைக் கொடுத்து மெதுவாகத் தள்ளுவது இரண்டாவது. பழைய பேடு இடையில் இருப்பதால் அழுத்தம் ஓரளவு பரவும், பிஸ்டனுக்கு ஆபத்து குறைவு. டிஸ்க்கையும் மாற்றப் போகிறோம் என்றால் இதில் தவறில்லை, வைத்துக்கொள்ளும் டிஸ்க் என்றால் கீறல் விழும். பழைய பேடை அல்லது ஒரு தட்டையான கட்டையைப் பிஸ்டனின் முழு முகத்திலும் வைத்து சி கிளாம்ப்பால் நிதானமாகத் திருகுவது மூன்றாவது. எஃகோ பீனாலிக்கோ, சரியான வழி இது ஒன்றே. இரட்டைப் பிஸ்டன் என்றால் கட்டை இரண்டையும் மறைக்க வேண்டும். ஒன்றை மட்டும் தள்ளினால் மற்றது வெளியே குதிக்கும். கிளாம்ப்பின் விலை ஒரு பேடு செட்டின் விலையைத் தாண்டாது. அது இல்லாத பட்டறை இருக்கக் கூடாது.

கையால் திருகியும் போகவில்லை என்றால் அங்கே நிறுத்திவிட வேண்டும். இறுகிய பிஸ்டன் ஒரு செய்தி சொல்கிறது. காலிப்பர் நகரும் ஸ்லைடு பின் காய்ந்திருக்கலாம், பள்ளத்தில் துரு இருக்கலாம், பிரேக் ஹோஸ் உள்ளே வீங்கித் திரவத்தைத் திரும்ப விடாமல் இருக்கலாம். காலிப்பரில் ஏர் எடுக்கும் நிப்பிளைத் திறந்ததும் பிஸ்டன் சுலபமாகப் போனால் குற்றம் ஹோஸில், அல்லது மேலே மாஸ்டர் சிலிண்டரில். திறந்தும் போகவில்லை என்றால் காலிப்பரில். ஐந்து நிமிடத்தில் தெரிகிற இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் பலத்தைக் கூட்டுவதுதான் பிஸ்டனை உடைக்கிறது.

நிப்பிளைத் திறந்துவிட்டுத் தள்ளுவதா, மூடியபடி தள்ளித் திரவத்தை மேலே டப்பாவுக்கே அனுப்புவதா என்பதில் மெக்கானிக்குகளிடையே இரு கட்சி உண்டு. மூடியபடி தள்ளினால் வேலை சீக்கிரம், காற்றுப் புகாது. திறந்து தள்ளினால் காலிப்பருக்குள் பலமுறை வெந்து கறுத்த திரவம் வெளியே போய்விடும், மேலே ஏபிஎஸ் வால்வுகளுக்குள் அழுக்கு ஏறாது. நான் இரண்டாவது கட்சி. வேலை கூடுதல்தான், பிறகு ஏர் எடுத்தாக வேண்டும். ஆனால் நம் வண்டிகளில் அந்தத் திரவத்தை வேறு எந்தச் சந்தர்ப்பத்திலும் யாரும் மாற்றுவதில்லை. துருப் பிடித்த நிப்பிளை அவசரப்பட்டுத் திருகினால் முறிந்துவிடும் என்ற பயம் நியாயமானது. முதல் நாளே துரு இளக்கும் திரவம் தெளித்து, சரியான அளவு ஸ்பேனரால் முன்னும் பின்னுமாக அசைத்துத் திறக்க வேண்டும். அடுத்த முறைக்காக அதன் ரப்பர் மூடியைத் தொலைக்காமல் போட வேண்டும்.

அந்தத் திரவத்துக்கு நாம் வைத்த பெயரே பல காலிப்பர்களைக் கெடுத்திருக்கிறது. 'பிரேக் ஆயில்' என்கிறோம். அது ஆயில் அல்ல, கிளைக்கால் வகைத் திரவம். உள்ளே இருக்கும் ரப்பர் அந்தத் திரவத்துக்கென்றே செய்தது. எண்ணெய் பட்டால் அது ஊறி வீங்கும். பெயரில் ஆயில் இருப்பதால், அவசரத்துக்குப் பவர் ஸ்டியரிங் ஆயிலையோ எஞ்சின் ஆயிலையோ கொஞ்சம் ஊற்றியவர்கள் உண்டு. அதைவிட அதிகம் நடப்பது, கழற்றிய சீலையும் பிஸ்டனையும் டீசலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவுவது. பட்டறையில் எல்லாவற்றையும் கழுவுகிற கிண்ணம் அதுதானே. சாதாரண வீல் பேரிங் கிரீஸை ஸ்லைடு பின்னில் அப்புவதும் இதே தவறு. பின்னைச் சுற்றிய ரப்பர் உறை வீங்கி, காலிப்பர் நகராமல் போய், ஒரு பக்கப் பேடு மட்டும் தேயும். கழுவப் புதிய பிரேக் திரவமோ பிரேக் கிளீனரோ வேண்டும், பின்னுக்கு சிலிக்கோன் கிரீஸ் வேண்டும். வேறு சுருக்குவழி இல்லை.

இந்தத் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 திரவம் கொதிப்பதற்குக் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140 ஆக இறங்கிவிடுகிறது. டாட் 4-க்கு அதே எண்கள் 230-உம் 155-உம். மலை இறக்கத்தில் காலிப்பருக்குள் திரவம் கொதித்து ஆவியானால், ஆவி அமுங்கும், திரவம்போல் தள்ளாது. பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. வண்டி ஆறிய பிறகு பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். 'பிரேக் பிடிக்கவில்லை' என்று ஓட்டுநர் சொல்வதையும், 'நன்றாகத்தானே பிடிக்கிறது' என்று பிறகு சோதித்தவர் சொல்வதையும் சேர்த்துக் கேட்டிருப்பீர்கள். பல வேளைகளில் இரண்டுமே உண்மையாக இருக்கும். சாரல் நாட்டில் ஓடும் சரக்கு வண்டிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது திரவத்தை முழுக்க மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வண்டியின் கையேடு இதைவிடச் சீக்கிரம் மாற்றச் சொன்னால் அதைக் கேளுங்கள்.

பிஸ்டனை வெளியே எடுப்பதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. கம்ப்ரசர் காற்றைக் காலிப்பர் துளையில் கொடுத்துத் தள்ளுவது வழக்கம். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனில் டயருக்கு அடிக்கும் கம்ப்ரசரின் 7 பார் காற்று பட்டால் சுமார் 140 கிலோ எடை தள்ளுவதுபோல் ஆகும். இறுகியிருந்த பிஸ்டன் சட்டென்று விடுபட்டால் துப்பாக்கிக் குண்டுதான். எதிரே விரல் இருந்தால் விரல் போகும். பீனாலிக் என்றால் எதிர்ச்சுவரில் மோதிப் பிஸ்டனும் உடையும். எதிரே மரக்கட்டை வைத்து, துணி சுற்றி, காற்றைச் சிறிது சிறிதாக விட வேண்டும். காலிப்பர் வண்டியில் இருக்கும்போதே பெடலை மிதித்துப் பிஸ்டனை வெளியே வரவைப்பது இன்னும் பாதுகாப்பு. பேடுத்தூளைக் காற்றால் ஊதிப் பறக்கவிடுவதும் கூடாது. அது நேராகப் பையன்களின் நுரையீரலுக்குப் போகிறது. தண்ணீரில் நனைத்துத் துடைக்கலாம்.

கழற்றிய காலிப்பரைச் சீல் கிட் போட்டுப் பிழைக்க வைப்பதா, புதிதாக வாங்குவதா? சிலிண்டர் சுவரும் பள்ளமும் சுத்தமாக இருந்து, பிஸ்டனும் நல்லதாக இருந்தால் கிட் போதும். அந்த வேலையைப் பொறுமையாகச் செய்யத் தெரிந்த கைகள் தென்காசிப் பக்கத்தில் இருக்கின்றன. பிஸ்டன் மட்டும் கெட்டிருந்தால் பிஸ்டனும் கிட்டும் வாங்கலாம். வேறு வண்டியின் பிஸ்டனை லேத் பட்டறையில் கடைந்து பொருத்துவதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது. கடைசலில் பூச்சு போய்விடும், அளவு மயிரிழை தவறினாலும் வளையத்தின் இழுப்பு போய்விடும். பள்ளத்தில் துரு அரித்துக் குழி விழுந்திருந்தால் முழுக் காலிப்பரும் மாற வேண்டும். ஒரு பக்கம் மாற்றினால் மறுபக்கமும் திறந்து பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே மழையில்தான் நனைந்தன. பேடு என்றால் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும், இல்லையேல் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அதன் மேலேயே பொறித்திருக்கும். அளக்காமல் கடைசலுக்குக் கொடுப்பது வீண்.

கனரக வண்டிகளில் காற்று டிஸ்க் பிரேக் வந்திருக்கிறது, வால்வோ பேருந்துகளில் நாம் பார்ப்பது அது. அங்கே ஹைட்ராலிக் பிஸ்டன் இல்லை. காற்று அறை ஒரு நெம்புகோலைத் தள்ள, அது தண்டுகளைத் தள்ளும். அதில் ஓர் ஏற்பாடு என்னை மிகவும் ஈர்த்தது. தண்டுகளைப் பின்னுக்குத் திருப்பும் இடத்தில் ஒரு சின்னத் துண்டை வேண்டுமென்றே பலவீனமாகச் செய்து வைக்கிறார்கள். பையன் மெஷின் ஸ்பேனரை வைத்து அதிக விசையில் திருகினால் முதலில் அந்தத் துண்டு முறியும், விலை உயர்ந்த உள்ளமைப்பு தப்பிக்கும். அவசரக் கையும் இருக்கும் என்று கணக்கில் எடுத்தே வடிவமைத்திருக்கிறார்கள். சின்ன வண்டியின் காலிப்பரில் அப்படிப்பட்ட காவல் எதுவும் இல்லை. அங்கே முறிவது பிஸ்டனேதான்.

இத்தனையும் நடக்கும் தமிழ்நாடு, இந்தியாவின் பிரேக் தொழிலுக்குத் தாய்வீடு. சென்னைப் பாடியில் 1962-இல் பிரேக்ஸ் இந்தியா தொடங்கியது, அதே ஆண்டில் காற்று பிரேக்குக்காக சுந்தரம் கிளேட்டனும் தொடங்கியது. பிறகு சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், ரானே பிரேக் லைனிங். தரத்துக்காக ஜப்பான் வழங்கும் டெமிங் பரிசை சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-இல் பெற்றது. இவ்வளவு பெரிய அறிவு பாடியிலிருந்து குத்துக்கல்வலசை வரை வந்து சேரும்போது ஓர் அட்டைப் பெட்டியாகச் சுருங்கிவிடுகிறது. நான் திறந்து பார்த்த பெட்டிகளில் இருந்த தாள்களில் பேடு பொருத்தும் முறை ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருந்தது. அந்தப் பட்டறைப் பையன் அதைப் பிரிக்காமலே தரையில் போட்டான். படத்தோடு, தமிழில், 'பிஸ்டனை நெம்பாதே, கட்டை வைத்துத் திருகு' என்று ஒரு வரி இருந்திருந்தால் அவன் படித்திருப்பான். செய்வது கடினமில்லாத இந்த உதவியை உதிரிபாகம் தயாரிப்பவர்கள் செய்ய வேண்டும்.

சட்டத்தின் கண் எவ்வளவு தூரம் பார்க்கிறது? புதிய சரக்கு வண்டிக்கு முதல் இரண்டு ஆண்டுக்கும், பிறகு எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று உண்டு. எஃப்.சி. வருகிறது என்றால்தான் பல வண்டிகளின் பிரேக் திறக்கப்படுகிறது. ஆனால் சமதளத்தில் வெறும் வண்டியை நிறுத்திக் காட்டும் சோதனையில், கீறல் விழுந்த பிஸ்டனும் ஈரம் ஏறிய திரவமும் தேறிவிடும். அவை தோற்பது சரக்கோடு, இறக்கத்தில், மழையில். எஃப்.சி. சோதனையில் பிரேக் திரவத்தின் ஈரத்தை அளக்கும் ஒரு சிறு கருவியைச் சேர்ப்பது பெரிய செலவு இல்லை. ஒவ்வொரு வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும் இதைத் தொடங்கலாம் என்பது என் கோரிக்கை. அதிக பாரத்துக்கு 2019 திருத்தத்துக்குப் பின் 20,000 ரூபாயும் கூடுதலாக ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் இருக்கிறது. ஏற்றிய கூடுதல் டன் எங்கே போய் வெப்பமாகிறது என்பதை முன்னே பார்த்தோம்.

வண்டி ஓட்டும் அண்ணன்மாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பேடு மாற்றக் கொடுக்கும்போது டீக்கடைக்குப் போய்விடாதீர்கள், பக்கத்தில் நில்லுங்கள். பழைய பேடை எடுத்ததும், புதியதைப் போடும் முன், பிஸ்டனைத் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். உறை கிழிந்திருக்கிறதா, மேனியில் துரு இருக்கிறதா, விளிம்பு தெறித்திருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். கிளாம்ப் இல்லை என்றால் நீங்களே ஒன்று வாங்கி வண்டியில் வையுங்கள். கூடுதலாக ஆகும் அரை மணி நேரத்துக்கு மெக்கானிக் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். வேலை முடிந்து சாவியை வாங்கியதும் கியர் போடாதீர்கள். பெடலை மிதித்து, அது கல்லுப்போல் நிற்கும் வரை மீண்டும் மீண்டும் மிதித்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகு வண்டியை நகர்த்துங்கள்.